சகுனியின் திறமை

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், மாத்தளை நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், பாறைகளுக்கிடையே அமைந்த அலுவிகாரை தென்படும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என வழங்கும் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த திரிபிடகம் இவ்விடத்திலேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய காலம் அது. ஓதியவர் மறைந்தால் ஓதப்பட்டதும் மறைந்துவிடும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது.

அவ்வாறு காக்கப்பட்டவற்றுள் தீக நிகாயத்தின் முதலாவதாகிய பிரமசால சூத்திரமும் ஒன்று. துறவியர்க்கு ஆகாத ஆட்டங்களின் பட்டியல் ஒன்று அதிலே காணப்படுகிறது. எட்டு வரிசைப் பலகையில் ஆடுதல், பத்து வரிசைப் பலகையில் ஆடுதல், பலகையே இன்றி வெட்டவெளியிற் பலகையைக் கற்பனை செய்து ஆடுதல், கவறு உருட்டுதல், பிறர் மனத்தில் உள்ளதை ஊகித்துக் கூறுதல் என அப்பட்டியல் நீள்கின்றது. இவற்றுட் சில மதிநுட்பத்தை வேண்டுவன. சில தற்செயலையே நம்புவன. ஆயினும் ஏடு அவற்றை இரண்டாகப் பிரிக்கவில்லை. சூது என்றும் பொச்சாப்புக்கு இடமானது என்றும் ஒரே தலைப்பின்கீழ் அனைத்தையும் அடக்கிவிட்டது. பலகையைக் கற்பனையிற் காணும் ஆற்றல் எளிதன்று. பிறர் மனத்தை ஊகிக்கும் ஆற்றலும் எளிதன்று. திறமை இல்லை என்று கருதி அவை விலக்கப்படவில்லை. திறமை இருந்தும் விலக்கப்பட்டன.

இந்த வேறுபாட்டை இன்று நினைவூட்டவேண்டிய தேவை எழுந்துள்ளது. போக்கர் எனப்படும் சீட்டாட்டத்தைப் பரிந்துரைப்போர், குறிப்பாக அதன் சுற்றுப்போட்டிகளைப் பரிந்துரைப்போர், எடுத்துக்காட்டும் தலையாய நியாயம் ஒன்றே. அது திறமை ஆட்டம். ஆகவே சூது அன்று என்பதே அந்நியாயம். அதற்கென நூல்கள் உண்டு, பயிற்சி உண்டு, கணிதம் உண்டு. படித்த இளைஞர்க்கு அது ஏற்ற தொழில் என்று கூறுவோரும் உளர். பல்கலைக்கழக மாணவரிடம் இவ்வாதம் எளிதிற் செல்லுபடியாகும். ஏனெனில் அது அவர்களுடைய அறிவைப் புகழ்ந்துகொண்டு வருகின்றது. ஆகவே இதனை உணர்ச்சியால் ஒதுக்காது, அதன் கணக்கைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பை நோக்குவோர், இன்று பெருவழக்காக உள்ள வகையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படுவதையும், ஐந்து சீட்டுகள் எல்லோர்க்கும் பொதுவாக மேசையில் விரிக்கப்படுவதையும் காண்பர். ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஒருவர் பெறக்கூடிய இரு சீட்டுச் சேர்க்கைகள் 1,326 ஆகும். சுற்றுப்போட்டியில் எல்லோரும் ஒரே கட்டணம் செலுத்தி ஒரே அளவு சில்லுகளைப் பெறுவர். அச்சில்லுகளை இடையிலே பணமாக மாற்றிக்கொண்டு எழ முடியாது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டாயப் பந்தயத் தொகை உயர்த்தப்படும். ஆதலால் நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவனின் சில்லுகள் தாமாகவே கரையும். அனைத்தையும் இழந்தவன் வெளியேறுவான். இறுதிவரை நின்ற சிறுபான்மையினர் மாத்திரமே பரிசு பெறுவர்.

இதில் திறமைக்கு இடம் உண்டு என்பதை மறுப்பது அறியாமை. நொய்மனும் மோர்கென்ஸ்டேனும் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரை ஆராய்ந்தனர். வலுவற்ற சீட்டை வைத்துக்கொண்டு வலுவுள்ளவன்போற் பந்தயம் கட்டுவது வெறும் துணிச்சலன்று, கணிதத்தால் நிறுவத்தக்க செயல் என்பது அவ்வாராய்ச்சியின் பயன். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரரைத் தோற்கடித்தது. 2019இல் புளூரிபஸ் என்னும் நிரல் அறுவர் ஆடும் மேசையிலும் மனிதரை வென்றது. தற்செயல் மாத்திரமே ஆளும் ஆட்டத்தில் இவ்வாறான வெற்றி நிகழ முடியாது.

ஆனால் இவ்வுதாரணத்தின் மறுபாதியைப் பரிந்துரைப்போர் கூறுவதில்லை. லிப்ராட்டஸின் மேன்மையை ஐயத்துக்கிடமின்றி நிறுவ 1,20,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன. அதுவும், ஒருவர்க்கு வந்த சீட்டுகளே மற்றொரு மேசையில் எதிர்ப்பக்கத்துக்கு வருமாறு அமைத்து, தற்செயலின் பங்கை இயன்றவரை குறைத்த பின்னர். மனிதர் அமர்ந்தாடும் மேசையில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முப்பது ஆட்டங்களே நிகழும். அக்கணக்கில் 1,20,000 ஆட்டங்களுக்கு நாலாயிரம் மணி நேரம் வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் அமர்ந்தால் ஐந்நூறு நாள். திறமை இருக்கிறது என்பது உண்மை. அது வெளிப்படுமுன் மாணவன் ஒருவனின் பட்டப்படிப்புக் காலத்திற் பெரும்பகுதி கழிந்துவிடும் என்பதும் உண்மை.

சுற்றுப்போட்டியில் இந்நிலை மேலும் கடுமையாகின்றது. ஒருவன் தன் சில்லுகள் அனைத்தையும் பணயம் வைக்கும் ஒவ்வொரு வேளையிலும் நூற்றுக்கு எண்பது வெற்றிவாய்ப்புடன் இருக்கிறான் என வைத்துக்கொள்க. இதனிலும் சிறந்த நிலையை எந்தத் திறமையாளனும் எப்போதும் பெறுவதில்லை. ஆயினும் அவ்வாறு ஐந்து முறை பணயம் வைத்து ஐந்து முறையும் தப்பிப் பிழைக்கும் நிகழ்தகவு நூற்றுக்கு 33 மாத்திரமே. பத்து முறையாயின் அது நூற்றுக்கு 11 ஆகச் சுருங்கும். ஒவ்வொரு முடிவும் சரியாக இருந்தும் மூவரில் இருவர் ஐந்தாம் படிக்குள் வீழ்வர். இதனை ஆட்டக்காரரே அறிவர். நூறு நுழைவுக் கட்டணங்களுக்குக் குறையாத தொகையைக் கையில் வைத்திராதவன் சுற்றுப்போட்டிகளிற் கலந்துகொள்ளலாகாது என்று அவர்களுடைய கைந்நூல்கள் அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. ஐயாயிரம் ரூபாக் கட்டணத்துக்கு ஐந்து இலட்சம் ரூபா. இவ்வறிவுரையை ஏற்கும் மாணவன் ஆடமாட்டான். ஆடும் மாணவன் இவ்வறிவுரையை ஏற்காதவன். திறமை ஆட்டத்தின் முதல் விதியை மீறியே அவன் அம்மேசைக்கு வருகிறான்.

இனி, சுற்றுப்போட்டி உத்திகளுள் மிக நுட்பமானது எனக் கொண்டாடப்படும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூவர் எஞ்சியுள்ளனர், மூவரிடமும் சம அளவு சில்லுகள். முதற் பரிசு ஐம்பதாயிரம் ரூபா, இரண்டாம் பரிசு முப்பதாயிரம், மூன்றாம் பரிசு இருபதாயிரம். மூவர்க்கும் வாய்ப்புச் சமமாதலின் ஒவ்வொருவரின் நிலையும் சராசரியாக 33,333 ரூபா பெறும். இப்போது ஒருவன் மற்றொருவனோடு தன் சில்லுகள் அனைத்தையும் வைத்து மோதுகிறான். தோற்றால் மூன்றாம் பரிசாகிய 20,000 ரூபாவுடன் வெளியேறுவான். அவனுக்கு நட்டம் 13,333. வென்றால் சில்லுகள் இரட்டிக்கும். ஆனால் அவனுடைய நிலையின் மதிப்பு இரட்டிப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஐம்பதாயிரமும், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் முப்பதாயிரமும் எனக் கணித்தால் வருவது 43,333 ரூபாவே. இலாபம் 10,000 மாத்திரம். எனவே, சரிக்குச் சரியான மோதல் அவனுக்கு நட்டமானது. நூற்றுக்கு 57க்கு மேல் வெற்றிவாய்ப்பு இருந்தாலன்றி அவன் மோதலாகாது.

இதுவே சுற்றுப்போட்டி உத்தியின் உயிர்நாடி. இழந்த சில்லின் விலை வென்ற சில்லின் விலையினும் பெரிது. இதனை உணர்ந்தவனே திறமையாளன் என்பர். நன்று. அவ்விதி மேசையின் விளிம்போடு நின்றுவிடுமா என்பதே கேட்கவேண்டிய வினா. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாவை இழப்பதால் வரும் துன்பமும், ஐயாயிரம் ரூபாவை மேலதிகமாகப் பெறுவதால் வரும் இன்பமும் ஒரே அளவின அல்ல. இழந்தது அடுப்பில் தெரியும். வென்றது அடுத்த பந்தயத்தில் மறையும். தன் சில்லுகளுக்கு இவ்விதியைப் பொருத்தி, தன் வீட்டுக்கு அதனைப் பொருத்தாதவனைத் திறமையாளன் என்பது எவ்வாறு? உத்தியை இடையில் நிறுத்தாது இறுதிவரை கொண்டுசெல்வோமாயின் அது கூறும் முடிவு ஒன்றே. நுழைவுக் கட்டணம் செலுத்தும் வாயிலே முதல் மோதல். அம்மோதலை மறுப்பதே சரியான ஆட்டம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கற்றவன் கல்லாதவனை வெல்வான். ஆகவே கற்றுக்கொண்டு ஆடுக என்பர். நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபா பணயமும் நூறு ரூபா நிலையக் கட்டணமும் செலுத்துவதாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். சேர்ந்த தொகை 1,10,000 ரூபா. பரிசாகத் திரும்புவது 1,00,000. பதினைந்து பேர்க்குப் பரிசு எனின் எண்பத்தைந்து பேர் வெறுங்கையுடன் செல்வர். இந்நூறு பேரும் மூடராயினும் எண்பத்தைவர் இழப்பர். நூறு பேரும் கணிதப் பேராசிரியராயினும் எண்பத்தைவர் இழப்பர். எல்லோரும் கற்பதால் ஒரு சதமேனும் கூடுவதில்லை. உழவை ஊரெல்லாம் கற்றால் நெல் பெருகும். மருத்துவத்தை ஊரெல்லாம் கற்றால் நோய் குறையும். சூதை ஊரெல்லாம் கற்றால் நிலையத்தாரின் பெட்டி நிறையும். பிறர் கல்லாதிருந்தால் மாத்திரமே பயன்தரும் கல்வி இது. பல்கலைக்கழகம் என்னும் அமைப்பின் அடிப்படைக்கே இது முரணானது.

பத்தாயிரம் டொலர் கட்டணம் கொண்ட உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியே இதற்குச் சான்று. 2003ஆம் ஆண்டு, சிறு தொகை செலுத்தி இணையவழித் தகுதிப் போட்டியில் வென்று வந்த கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் 839 பேரை உள்ளடக்கிய அப்போட்டியில் முதலிடம் பெற்று 25 இலட்சம் டொலர் வென்றார். அக்கதை உலகெங்கும் பரவியது. மூன்றே ஆண்டுகளில், 2006இல், போட்டியாளர் தொகை 8,773 ஆகியது. பரிசு பெற்றோர் 873 பேர். ஏனைய 7,900 பேரும் கட்டணத்தை இழந்து திரும்பினர். வென்றவனின் பெயரை உலகம் அறியும். அந்த 7,900 பேரும் உத்தி அறியாதவர் என்று எவரும் கூறார்.

திறமை ஆட்டம் என்னும் வாதம் உண்மையானால் குற்றம் குறைவதில்லை, பெருகுகின்றது. தற்செயலாற் பணம் கைமாறும்போது இன்று இழந்தவன் நாளை பெறக்கூடும். திறமையாற் கைமாறும்போது பணம் ஒரே திசையிற் செல்லும். அறியாதவனிடமிருந்து அறிந்தவனுக்கு, இடையிலே நிலையத்தாருக்குப் பங்கு கொடுத்து, இடையறாது ஓடும். பரிசு எல்லையை அணுகும் வேளையில், வெளியேற அஞ்சும் நடுத்தரச் சில்லுக்காரரையே தாக்குக என்று உத்தி நூல்கள் கற்பிக்கின்றன. அதாவது, பிறர் அச்சமே அங்கு மூலப்பொருள். பாரதத்துச் சூதுமண்டபத்தை நினைவுகூர்வோர் இதனை எளிதில் உணர்வர். தருமன் ஆடியது விதியின் விளையாட்டு. சகுனி ஆடியதோ திறமை ஆட்டம். அவன் கை தேர்ந்த கை. அவன் தனக்காகவும் ஆடவில்லை, துரியோதனனுக்காக ஆடினான். திறமை ஆட்டம் சூது அன்று என்னும் அளவுகோலைக் கொண்டு அச்சபையைத் தீர்ப்பிட்டால் சகுனி குற்றமற்றவனாக வெளியேறுவான். நளன் கதையில் இருதுபன்னனிடம் கவற்று நுட்பம் கற்ற பின்னரே நளன் நாட்டை மீட்டான் என்று எதிர்வாதம் கூறலாம். உண்மை. ஆனால் அவன் மீட்டது தான் இழந்ததை. அதற்கு விலை நாடிழந்து கழிந்த ஆண்டுகளும் பிரிந்த மனைவி மக்களும்.

நீதிமன்றங்களின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1967ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவர்க்கும் இடையிலான வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் எனத் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டாக ஆட்டத் தொழிலினர் மேற்கோள் காட்டுவது இதனையே. அதே தீர்ப்பு, பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தால் இடத்தின் உரிமையாளர் இலாபம் அடைவது நிறுவப்படின் குற்றம் ஆகலாம் என்றும் கூறியது. அப்பகுதியை மேற்கோள் காட்டுவோர் அரியர். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதைத் தடுக்க 2021ஆம் ஆண்டு கொணரப்பட்ட திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே செல்லாதெனக் கூறியது. மீண்டும் இயற்றப்பட்ட சட்டத்தை 2023 நவம்பரில் அது பொதுவாக ஏற்றதாயினும், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகக் குறித்த அட்டவணையை நீக்கியது. குடும்பங்கள் அழிகின்றன என்று அரசு கூறிற்று. திறமை இருக்கிறதா என்று வழக்குக் கேட்டது. கேள்வி வேறு, விடை வேறு.

2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் இப்பழைய வேலியைத் தாண்டியது. ஆட்டம் திறமையைச் சார்ந்ததாயினும் தற்செயலைச் சார்ந்ததாயினும் இரண்டையும் சார்ந்ததாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணையவழி ஆட்டம் விலக்குக்குரியது என்று அது வரையறுத்தது. அலுவிகாரை மரபின் ஏடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்ததையே புதிய சட்டம் செய்தது. திறமையையும் தற்செயலையும் ஒரே பட்டியலில் வைத்தது. தடையால் மாத்திரம் இவ்விச்சை ஒழியும் என்பது இதன் பொருளன்று. ஆனால் வினா திருத்தப்பட்டது. அதே ஆகஸ்டில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1988இல் வரி, 2010இல் கசினோத் தொழிலுக்கு அனுமதிப்பத்திர முறை, 2025இல் அதிகாரசபை என இந்நாட்டுச் சட்டம் படிப்படியாக வளர்ந்துள்ளது. சமூகத் தீங்கைக் குறைத்தலும் புதிய சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றே. எனினும், வருமானத்தைப் பேணவேண்டிய கையே வருமானத்தின் ஊற்றையும் அடைக்குமா என்னும் ஐயம் நியாயமானது.

சதுரங்கத்துக்கும் பரிசு உண்டே, தேர்வுக்கும் போட்டி உண்டே என்று கேட்கலாம். சதுரங்கத்திற் பணயத்தை நீக்கினாலும் சதுரங்கம் எஞ்சும். தோற்றவன் ஓர் ஆட்டத்தைக் கற்று எழுவான். போக்கரிற் பணயத்தை நீக்கினால் ஆட்டமே பொருளிழக்கும். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனை எந்தப் பொய்ப் பந்தயமும் அச்சுறுத்தாது. வலி இருந்தாலன்றி இயங்காத ஆட்டம் அது. அதன் கணிதத்தைக் கற்க விரும்புவோர் கணிதத் துறையிற் கற்கலாம். நிகழ்தகவும் விளையாட்டுக் கோட்பாடும் எவர்க்கும் உரியன. அதற்கு எவரும் கட்டணப் பெட்டியின்முன் வரிசையில் நிற்கவேண்டியதில்லை.

பிரமசால சூத்திரம் துறவியரைக் குறித்தது, இல்லறத்தார்க்கு அது பொருந்தாது என்பாரும் உளர். அவர்க்கு விடையும் அதே தீக நிகாயத்தில் உண்டு. சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்கு உரைக்கப்பட்ட சிகாலோவாத சூத்திரம் சூதின் தீமைகள் ஆறு என எண்ணுகின்றது. வென்றவன் பகை தேடுகிறான், தோற்றவன் பொருளுக்கு இரங்குகிறான், கண்முன்னே செல்வம் அழிகிறது, அவையில் அவன் சொல் ஏறுவதில்லை, நண்பர் இகழ்வர், மணம் பேசுவோர் அவனை நாடார். ஆறனுள் ஒன்றேனும் மறுமையைப் பற்றியதன்று. எல்லாம் இம்மைக் கணக்கு. வள்ளுவரும் சூது பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். சூதைப் பாவம் என்று கூறுமுன்னரே அதனைப் பொருட்கேடு என்று முன்னோர் அறிந்திருந்தனர். அவர்களுடைய பட்டியலில் முதலிடம் தோல்விக்கு இல்லை என்பதும் எண்ணத்தக்கது. வெற்றியே முதல் தீமை.

1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏட்டுச்சாலை அழிவுற்றது. ஏடுகள் அழிந்தாலும் எழுதப்பட்டது அழியவில்லை. வேறு கைகள் அதனைப் படியெடுத்துப் பரப்பியிருந்தன. ஒருவர் கற்பதால் மற்றவர் இழக்காத கல்வி அது; எழுத எழுதப் பெருகியது. இன்றைய இளைஞன்முன் இரண்டு மேசைகள் உள்ளன. ஒன்றில் அவன் கற்பது அனைவர்க்கும் பயன்படும். மற்றொன்றில் அவன் கற்பது, பக்கத்தில் இருப்பவன் கல்லாதிருக்கும் வரைக்கும் மாத்திரமே அவனுக்குப் பயன்படும். இரண்டுக்கும் திறமை வேண்டும். ஆதலால், திறமை உண்டா என்று கேட்பதை இனி விடுதல் வேண்டும். வென்றவன் கையில் உள்ள பணம் எவன் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும்.